பட்டையில் குடித்தது, பிளாவில் குடித்தது

வாசுதேவநல்லூரில் மதுரை–தென்காசி சாலைக்கு மேற்கே மலையும் வயலும் தென்னையும். கிழக்கே இறங்கினால் மானாவாரிக் காடும் பனையும். எங்களுக்குக் கிழக்கில்தான் நிலம். மாசி பிறந்ததும் பனையேறித் தாத்தா காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு, அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரமேறுவார். கடிப்பால் பாளையை இதமாக நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனி, தடவாவிட்டால் கள். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குமேல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலிருக்கிற ஈஸ்ட் அதில் இறங்கிய சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். இந்த வேதியியல் எல்லாம் பிற்பாடு படித்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் காலைப் பதனியை ஊற்றி, அதில் நுங்கைப் போட்டுக் குடித்தால் மதியம்வரை பசிக்காது.

1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் வீட்டில் யாரும் கள் குடித்ததில்லை. ஆனால் ஆச்சிக்கு ஆப்ப மாவு புளிக்க ஒரு கரண்டி கள் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பனையேறித் தாத்தா கொல்லைப்புறமாக வந்து, ஒரு சின்னச் செம்பில் ஊற்றிவிட்டுப் போவார். வாசல் வழியாக அவர் வந்ததை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் ஆப்பத்தின் நடுப்பகுதி பஞ்சாக எழும்பி நிற்கும். ஓரம் பொன்னிறத்தில் முறுகியிருக்கும். அந்த மணத்துக்கு இணையாக நான் வேறெதையும் சொல்லமாட்டேன்.

1987-ல் கள்ளையும் சாராயத்தையும் அரசு தடைசெய்தது. சாராயத்தைத் தடுத்ததில் எனக்கு வருத்தமில்லை; அது குடித்தவர்களைக் கொன்றது. கள்ளையும் அதே வரியில் எழுதியதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஆச்சி அதன்பிறகு சோடாப்பு போட்டு ஆப்பம் சுட்டாள். பதனி இறக்கத் தடையில்லை என்றார்கள். ஆனால் கலயத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தாலும் கள் இறக்கியதாக வழக்கு வரும் என்று பயந்து, பனையேறிகள் ஒவ்வொருவராக மரத்தைவிட்டு இறங்கினார்கள். தாத்தாவின் மகன்கள் திருப்பூருக்குப் போனார்கள். சும்மா நின்ற மரங்களைச் செங்கல் சூளைக்கு லாரியில் ஏற்றினோம். 1978-லேயே மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம் அது. வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021-ல்தான் வந்தது.

இனி இப்போதைய கதை.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட்டார்கள். காங்கேசன்துறையும் அதன் வழியில் இருந்தது. பட்டாளம், கல்யாணம், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்குத் தவிர வேறெதற்கும் ஊரைவிட்டுக் கிளம்பாத குடும்பம் எங்களுடையது. மகன் பிடிவாதமாக எங்கள் இருவரையும் கப்பலேற்றிவிட்டான். யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் ஒரு பகலுக்கு, வைன் செய்யும் இடத்தைப் பார்க்கவும் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் கற்கவும் அவனே ஏற்பாடு செய்திருந்தான்.

வைன் செய்பவர்கள் ரொசேரியன் சபைக் கன்னியர்கள். 1928-ல் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் தொடங்கிய தவச் சபையின் வழி வந்தவர்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் திராட்சை நன்றாக விளைகிறது. பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு ரகம். அவர்களுடைய ‘ரொசெற்ரோ’ வைன் நல்ல இனிப்பு, பட்டையும் கிராம்பும் மணக்கும். பக்கத்திலேயே நெல்லி ரசப் போத்தல்களும் விற்பனைக்கு இருந்தன. என் மனைவி சங்கரன்கோவில்காரி. வைனை வாயில் வைக்கத் தயங்கினாள். நெல்லி ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். எங்கள் மலைக்கு வடக்கே கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சைக்கு அதே 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையைப் பெட்டிபெட்டியாகச் சந்தையில் வாங்கித் தின்றிருக்கிறோம். அதை நொதிக்கவைத்து, மூத்தவர்கள் முன்னிலையில் ஒரு சின்னக் கிளாஸ் கொடுப்பதை மரியாதையான காரியமாக நினைத்ததில்லை. இங்கே ஜெபமாலையோடு நிற்கிற கன்னியர்கள் அதைச் செய்து, அந்த வருமானத்தில் மடம் நடத்துகிறார்கள்.

ஆனால் என்னைக் கலங்கவைத்தது சமையல் வகுப்புதான். அந்த வீட்டு அக்கா முதலில் ஒரு கிண்ணம் மாவை நீட்டி, “மணந்து பாருங்கோ” என்றார். பனங்கிழங்கு! அவிக்காமல் பிளந்து வெயிலில் காயவைத்து இடித்தால் ஒடியல் மா. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பொங்கலுக்கு மஞ்சள் போட்டு அவித்து, நாரை உரித்துத் தின்பதோடு நாங்கள் நிறுத்திக்கொண்ட கிழங்கை, இவர்கள் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளும் தானியமாக்கியிருக்கிறார்கள். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துவிடவேண்டும். “கசப்புப் போகோணும், அவசரப்படக்கூடாது” என்றார். அதற்குள் பெரிய பானையில் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் பயித்தங்காயும் ஒரு பிடி அரிசியும் வெந்துகொண்டிருந்தன. பிறகு மீன் தலை, நண்டு, இறால். செத்தல் மிளகாயை அரைத்து, பழப்புளியோடும் மாவோடும் கரைத்து ஊற்றியதும் கூழ் தடித்தது. கடைசியில் முருங்கையிலை. பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் கையில் தந்தார்கள். ஓலையின் பச்சை வாசம் சூட்டில் எழுந்தபோது நான் எங்கள் கிழக்குக் காட்டில் நின்றேன்.

அதைத் தொடர்ந்து அப்பம். மாவு புளிக்கக் கள்ளைத்தான் ஊற்றியிருந்தார், தவறணை என்று அவர்கள் சொல்கிற கள்ளுக்கடையில் முதல்நாளே வாங்கியதாம். அந்த நாட்டில் கள் இறக்குவது சட்டப்படியான தொழில். 1978-ல் பனை அபிவிருத்திச் சபை அமைத்தார்கள். பனைதென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளரிடம் கள்ளை வாங்கி விற்கின்றன. போத்தலில் அடைத்தும் தருகிறார்கள். வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருக்கிறது. போரில் குண்டு விழுந்து தலையற்று நின்ற பனைகள் எத்தனையோ, பதுங்குகுழிக்குத் தறிக்கப்பட்டவை எத்தனையோ. அத்தனைக்கும் பிறகு அந்த மரத்தை நம்பி அங்கே குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே எல்லாம் சுகம் என்று சொல்லவரவில்லை. மரமேறுகிறவரைத் தாழ்த்திவைத்த பழக்கம் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் உண்டு. கோயில் வாசலில் அவர்களை நிறுத்திய வரலாறு யாழ்ப்பாணத்துக்கும் இருக்கிறது. ஆனாலும் அவர் இறக்குகிற பொருளைச் சட்டம் குற்றமாக்கவில்லை.

எங்கள் ஊரில் அது குற்றம். கள்ளில் சாராயச்சத்து ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். 2003 முதல் டாஸ்மாக் நேரடியாகக் கடை நடத்தி விற்கிற பிராந்தியிலும் விஸ்கியிலும் 42.8 சதவீதம். புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கேரளத்தில் கள்ளுக்கடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து மீன்கறி சாப்பிடுகிறார்கள். நடுவில் இருக்கிற எங்களுக்கு மட்டும் ஏன் இந்த விதி? மதுவிலக்கு வேண்டும் என்பவர்களை நான் மதிக்கிறேன். என் அம்மா அந்தக் கட்சி. ஆனால் பனையேறியின் கலயத்தை மட்டும் விலக்கிவைப்பதற்கு மதுவிலக்கு என்று பெயர் வைக்கக்கூடாது. பதிவுபெற்ற பனையேறிகளின் கூட்டுறவு கள் இறக்கட்டும். ஒரு நாளுக்குமேல் வைத்ததை விற்கவேண்டாம். கலப்படம் செய்தால் தண்டிக்கட்டும். கற்றுக்கொடுக்க ஆளிருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். தளைநார் போடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் எல்லாரும் அறுபது தாண்டியவர்கள்.

திரும்பும்போது என் மனைவி இரண்டு பாக்கெட் ஒடியல் மா வாங்கிவந்தாள். வாசுதேவநல்லூரில் கடல் நண்டு கிடைக்காது; கண்மாய் விரால் போட்டுக் கூழ் காய்ச்சினாள். தெருவில் மூன்று வீட்டுக்குப் போனது. மா தீர்ந்ததும், அதை இங்கேயே செய்யலாமே என்று பனையேறி அண்ணாச்சியிடம் கேட்டோம். தாத்தாவின் தம்பி மகன் அவர், இன்னும் ஏறுகிறார்.

“கிழங்கு எங்க இருக்கு? நுங்குக்குன்னு குலையோட வெட்டி வேன்ல ஏத்திருதாங்க. பழமே விழ மாட்டேங்கு” என்றார்.

கண்மாய்க் கரையில் இரண்டு பெண்பனை எங்கள் பங்கில் நிற்கின்றன. அவற்றில் இந்த வருஷம் நுங்கு வெட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ஆவணியில் பழம் விழும். கொட்டையைப் புரட்டாசியில் மணலில் அடுக்கிப் புதைத்தால் தைக்குக் கிழங்கு எடுத்துவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. காயவைக்க மொட்டைமாடி இருக்கிறது.