பச்சை உடம்பும் பார்சல் பெட்டியும்

ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று பேர் வாங்கிய எங்கள் ஊருக்குப் பிள்ளை வரம் கேட்டு ஆட்கள் வருவதை ஊரில் யாரும் முரணாக நினைத்ததில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பாதையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. இங்கே மரகதவல்லித் தாயாரை வேண்டிக்கொண்டு, வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுக்கிற பெண்கள், விடிந்ததும் அது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முளைத்திருந்தால் பிள்ளை நிச்சயம். தாயாரின் பொறுப்பு அத்தோடு சரி. பிள்ளை பிறந்துவிட்டால் ஆட்சி எங்கள் ஆயாக்களின் கைக்குப் போய்விடும், அந்த ஆட்சியில் மேல்முறையீடு கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் என் பெரியக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். தறிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த இருட்டறைதான் அவளுக்கு. காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துணி, வயிற்றைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்துப் போட்ட இறுக்கக் கட்டு. காலையில் நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதிக்கவைத்த அண்டாத் தண்ணீரை ஆயா உயரத்திலிருந்து இடுப்பில் அறைகிற மாதிரி ஊற்றுவாள். அக்கா போடுகிற கூச்சல் கோயில் குளம் வரைக்கும் கேட்கும். அப்புறம் சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்தல், சுடுசோறு, பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, அதற்கு மேல் தூக்கம். இத்தனை ராஜ உபசாரமும் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று, டவுசர் போட்ட ஒரு பையன் கதவிடுக்கில் நின்று பொருமிக்கொண்டிருந்தான் என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த உபசாரத்துக்கு முன்னால் அவள் என்ன பாடு பட்டாள் என்பது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கிடைத்தது எடுபிடி வேலை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், பெருங்காயம் என்று சீட்டு எழுதிக்கொண்டு மாமாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வருவேன். எல்லாவற்றையும் இடித்துச் சலித்துப் பனைவெல்லப் பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறக் கிளற, அந்த வாசனை தெருக்கோடிக்குப் போய், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதைத் தபால்காரர் இல்லாமலே அறிவித்துவிடும். லேகியம் அக்காவுக்கு; சட்டியை வழித்து நக்குவது எனக்கு. அந்தக் காரமும் இனிப்பும் கலந்த கசப்பை இப்போது எந்தக் கடை டப்பாவிலும் காணோம், அல்லது டப்பாவில் இருக்கிறது, நாக்குத்தான் இல்லை.

ஆயாவின் சட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. தண்ணீர் கூடாது. “பச்ச ஒடம்புடி, தண்ணி குடிச்சா வயிறு உப்பிக்கும்” என்று குடத்தையே அறைக்கு வெளியே வைத்துவிடுவாள். அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டு ஒரு தம்ளர் கேட்பாள். நான் அன்றைக்கு யாருடைய ஆள் என்பது யார் கையில் பொரிவிளங்காய் உருண்டை இருந்தது என்பதைப் பொறுத்தது. பால் கொடுக்கிறவளுக்குத்தான் தாகம் அதிகம், அவள்தான் நிறையக் குடிக்க வேண்டும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த முதல் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைக் குழந்தை வாயில் வைத்ததும் அதே ஆயாக்கள்தான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தாக வேண்டும், ஆறு மாதம் வரைக்கும் வேறு எதுவும் கூடாது என்று அதட்டுகிறபோது, எங்கள் ஆயாவின் அதே குரல்தான் கேட்கிறது, சட்டம்தான் தலைகீழ்.

பட்டு நெய்கிற வீடு எங்களுடையது, ஆனாலும் பிள்ளைக்குப் பட்டு ஆகாது. எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குச் சரிகைப் புடவை நெய்து அனுப்பிய தறிக்குப் பக்கத்திலேயே, துவைத்துத் துவைத்து இளகிப்போன அம்மாவின் நூல் புடவையில்தான் ஏணை கட்டுவார்கள். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற சத்தம் நாளெல்லாம் ஒரே தாளத்தில் கேட்கும். குழந்தை அதில்தான் தூங்கும். தறி நின்றால் வீல் என்று அலறும். நூல் அறுந்து அப்பா தறியை நிறுத்துகிறபோதெல்லாம் ஆயா அவரைத் திட்டுவாள்.

நான் தகப்பனானது தொண்ணூறுகளில். அந்தக் காலத்து அப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே படைக்கப்பட்டவன். நின்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மகளுக்கு இப்போது பெங்களூரில் குழந்தை. எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற அதே நெடுஞ்சாலையின் மறுகோடியில் ஒரு பதினோராவது மாடி. போய்ப் பார்த்தால் வாசலில் பார்சல் பெட்டிகள். வயிற்றுக் கட்டு வெல்க்ரோ பெல்ட்டாக வந்திருக்கிறது. பழைய வேட்டித் துணி, “மஸ்லின்” என்று பேர் மாற்றிக்கொண்டு, மூன்று துண்டாக, எங்கள் அப்பா ஒரு வேட்டிக்குக் கொடுத்திருக்கவே மாட்டார் என்கிற விலையில் வந்திருக்கிறது. பால் கொடுக்கச் சாய்ந்துகொள்ளப் பிறை வடிவத் தலையணை, பால் எடுக்க மோட்டார், காம்பு வெடித்தால் தடவக் களிம்பு. குழந்தை தூங்க ஒரு கருவி. பொத்தானை அழுத்தினால் ஒரே தாளத்தில் இரைகிறது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது எங்கப்பாவோட தறிம்மா” என்றேன். மகள் கருவியோடு சேர்த்து என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

எல்லாவற்றையும் கிண்டல் பண்ணிவிட முடியாது. முனையில் துளை வைத்த ஒரு சாதாரண பிளாஸ்டிக் குப்பி இருந்தது. தையல் போட்ட இடத்தில் இதமான வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொள்ள. அக்காவுக்கும் அந்த எரிச்சல் இருந்திருக்கும். அதைப் பற்றி அந்த இருட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் காரணமில்லாமல் அழுதபோது, “அழுதா பால் வத்திடும்டி” என்று ஆயா அடக்கினாள். பிரசவமான முதல் நாட்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு அழுகை வரும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே தாள் கொடுத்திருக்கிறார்கள். தாள் நல்ல தாள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு “நீ படு” என்று சொல்ல அத்தனை பெட்டிகளில் ஒன்றுக்கும் வாய் இல்லை. ஆயாவுக்கு இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

ஊரில் எங்கள் எதிர்வீட்டு நெசவாளிப் பெண்ணுக்கு வந்தது அரசாங்கத்துப் பெட்டி. பின்லாந்தில் 1938லேயே ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைப் பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். நம்மூரில் 2015ல் வந்தது, 16 பொருள்களோடு. குழந்தைக்குச் சட்டை, சோப்பு, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாம் போக, தாய்க்கென்று அடியில் ஒரு டப்பா: சௌபாக்கிய சுண்டி லேகியம்! அரசாணை போட்டு ஆயாவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று தெருவே சிரித்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987ல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2018ல் 18,000 ஆயிற்று. அதில் 4,000 ரூபாய்க்குப் பேரீச்சையும் நெய்யும் சத்துமாவுமாகப் பெட்டகம். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு ஒரு வருடம். தறிக்கு விடுப்பு கிடையாது. எதிர்வீட்டுப் பெண் உடம்பு தேறுவதற்குள் குழியில் காலை விட்டு மிதிக்க உட்கார்ந்துவிட்டாள், முகூர்த்தப் புடவைக்குத் தேதி குறித்திருந்தது.

போன வாரம் மனைவி பெங்களூரிலிருந்து போனில் விரட்ட, லேகியச் சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போனேன். சீட்டை நீட்டினேன். கடைக்காரப் பையன் அதைப் படிக்கவே இல்லை.

“நார்மலா சார், சிசேரியனா?”

“ஏம்ப்பா?”

“ரெண்டுக்கும் தனித்தனி பாக்கெட் சார். சிசேரியனுக்குக் காரம் கம்மி.”

நார்மல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, தாத்தாவுக்கு வழித்து நக்க ஏதாவது பாக்கெட் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஜிபே அட்டையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த ஆளிடம், “நார்மலா, சிசேரியனா?” என்று ஆரம்பித்துவிட்டான். அடுத்த ஆள் வாங்க வந்தது கதம்ப சாம்பிராணி.