புதன்கிழமைக்கு எந்த அதிகாரம்? – கேள்வி பதில்

அடுத்த திருச்சபை ஆண்டு 2026 நவம்பர் 29-ல் பிறக்கிறது. வேதபாடக் குழு நடத்துகிறவர்களும் அதில் உட்காருகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வாராவாரம் எந்தப் பகுதியை எடுப்பது என்று முந்தின இரவுதான் முடிவு செய்கிறேன். ஆண்டு முழுவதற்கும் திட்டம் அவசியமா?
– குழுத் தலைவர், நாசரேத்

அவசியம். முந்தின இரவில் தேடுகிற கை, தனக்குப் பழகிய பக்கத்தைத்தான் புரட்டும். கெட்ட குமாரன் வருடத்துக்கு மூன்று முறை வீடு திரும்புவான். யோபு ஒருமுறைகூட வாய் திறக்க மாட்டார். உங்களுக்குப் பிடித்த வேதாகமம் அல்ல, முழு வேதாகமம் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். திட்டம் போடுவது அதற்காகத்தான்.

கிறிஸ்துமஸ், லெந்து, ஈஸ்டர் என்று நாள் பார்க்கச் சொல்லி வேதத்தில் கட்டளை உண்டா? நாங்கள் ஏன் காலண்டருக்குக் கட்டுப்பட வேண்டும்?
– விசுவாசி, கோயம்புத்தூர்

கட்டளை இல்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவரவர் மனதில் நிச்சயம் இருந்தால் போதும் என்பதுதான் ரோமர் 14-ல் பவுல் சொல்வது. ஆகவே நாள் பார்க்கிறவர் பார்க்காதவரைக் குறைசொல்லவும் கூடாது, பார்க்காதவர் பார்க்கிறவரை ஏளனம் செய்யவும் கூடாது. ஆனால் யோவான் சுவிசேஷத்தைப் பாருங்கள்: பஸ்கா, கூடாரப் பண்டிகை, தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை என்று பண்டிகைகளின் ஊடாகவே இயேசு நடக்கிறார். நாட்களைப் பிடித்துக்கொண்டு இயேசுவின் வாழ்வைப் பின்தொடர்வது அடிமைத்தனம் ஆகாது, நல்ல வழித்துணை.

காலண்டருக்கும் வேதாகமத்துக்கும் அப்படி என்ன பழைய உறவு?
– கல்லூரி மாணவர், திருச்சி

மிக நெருங்கிய உறவு. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்று அறிவித்து ஆண்டுதோறும் சபைகளுக்குக் கடிதம் எழுதுவார். 367-ல் எழுதிய அத்தகைய கடிதத்தில், இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் வரிசையாகச் சொல்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் பட்டியல்களில் இந்த 27-ஐ மட்டும் கூட்டாமல் குறைக்காமல் தரும் முதல் பட்டியல் அதுதான். பண்டிகை எப்போது என்பதையும் எதை வாசிப்பது என்பதையும் ஒரே கடிதத்தில் சொன்ன சபை அது. நீங்கள் இப்போது போடும் திட்டமும் அதே வேலைதான்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? ஜனவரி 1-லிருந்தா?
– பெண்கள் ஐக்கியச் செயலர், பாளையங்கோட்டை

ஈஸ்டரிலிருந்து. ஆண்டிலேயே அதிகம் நகர்கிற நாள் அது; மற்றவை அதைச் சுற்றி உட்காரும். எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-ல் நிசேயா சங்கம் முடிவெடுத்தது. சபைக் கணக்குப்படி மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22-க்கு முன் வராது, ஏப்ரல் 25-க்குப் பின் போகாது.

2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. அங்கிருந்து பின்னால் 46 நாள் எண்ணினால் பிப்ரவரி 10, சாம்பல் புதன். முன்னால் எண்ணினால் மே 6 பரமேறுதல், மே 16 பெந்தெகொஸ்தே. இப்போது உங்கள் புதன்கிழமைகளைக் கூட்டுங்கள். திருவருகைக் காலத்துக்கு 4, கிறிஸ்துமஸ் வாரத்துக்கு 1, ஜனவரி 6 முதல் லெந்து வரை 5, லெந்துக்கு 7, ஈஸ்டர் காலத்துக்கு 7, பெந்தெகொஸ்தேக்குப் பிறகு 28. மொத்தம் 52. ஒரு தாளில் இந்த ஆறு கட்டங்களையும் வரைந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

டிசம்பரில் எல்லோரும் கேரல் ரவுண்ட்ஸில் இருப்பார்கள். வேதபாடத்துக்கு யார் வருவார்கள்?
– வாலிபர் சங்கம், தூத்துக்குடி

கேரல் கிளம்பும் முன் அரைமணி நேரம் பிடியுங்கள். பாடப் போகிறவர்களுக்கு எதைப் பாடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டுமே! நான்கு வாரத்துக்கு நான்கு பகுதி: மாற்கு 13-ல் ஆண்டவரின் இரண்டாம் வருகை, மாற்கு 1-ல் யோவான் ஸ்நானகன், ஏசாயா 61-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நற்செய்தி, லூக்கா 1-ல் மரியாள். திருவருகைக் காலம் மாட்டுத்தொழுவத்தில் தொடங்குவதில்லை, உலக முடிவைப் பற்றிய எச்சரிக்கையில் தொடங்குகிறது. வந்தவரை வரவேற்பதற்கு முன், வரப்போகிறவருக்காக விழித்திருக்கச் சொல்கிற காலம் அது. இது தெரிந்தவர் பாடுகிற கேரலில் ஏக்கமும் சேர்ந்து ஒலிக்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கூட்டம் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
– குடும்பத் தலைவி, நாகர்கோவில்

விடாதீர்கள். டிசம்பர் 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைக்கும் நாள். டிசம்பர் 30 புதனன்று மத்தேயு 2-ன் பிற்பகுதியை எடுங்கள். இயேசுவின் குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியதும், தாய்மார் அழுததும் அங்கே இருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுத்தால் கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் தொடவே மாட்டோம். காலண்டர் தொட வைக்கிறது. அந்த வருடம் பிள்ளையை இழந்த வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். தங்கள் துக்கத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு என்று அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

பாட அட்டவணை என்கிறார்களே, அதைப் பின்பற்றினால் போதாதா?
– உபதேசியார், தஞ்சாவூர்

பேஷாகப் பின்பற்றலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் மூன்றாண்டுச் சுற்று ஒன்றை வகுத்தது. அதைத் தழுவிப் பல புராட்டஸ்டன்ட் சபைகளுக்காக 1992-ல் ஒரு பொது அட்டவணை வந்தது. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. மூன்றிலும் பண்டிகைக் காலங்களில் வருவார். வருகிற நவம்பர் 29-ல் தொடங்குவது மாற்கு ஆண்டு. மாற்கு சிறிய நூல் என்பதால் நடுவில் ஐந்து ஞாயிறு யோவான் 6-க்குப் போகிறது. தென்னிந்தியத் திருச்சபை ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருள் வைத்துத் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கிறது.

உங்கள் ஆலயத்தில் எது நடப்பில் இருக்கிறதோ அதையே எடுங்கள். வரப்போகும் ஞாயிறின் பகுதியைப் புதனன்றே படித்துவிட்டால், பிரசங்கத்துக்கு வருகிறவர்கள் கேள்விகளோடு வருவார்கள். உங்கள் ஆயருக்கு அதைவிட நல்ல காணிக்கை இல்லை.

ஒவ்வொரு லெந்திலும் அதே பாடுகள், அதே பிரசங்கம். புதிதாக என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

சாம்பல் புதனிலிருந்து பரிசுத்த வாரத்துப் புதன்வரை சரியாக ஏழு புதன்கிழமைகள். சிலுவையில் இயேசு பேசிய வார்த்தைகளும் ஏழு. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரத்தில் ஏழையும் ஓட்டமாக முடிக்கிறோமே, அவற்றுக்கு ஏழு வாரம் கொடுங்கள்.

ஏழும் ஒரே நூலில் இல்லை என்பதைக் குழு கவனிக்கட்டும். மூன்று லூக்காவில் மட்டும், மூன்று யோவானில் மட்டும், கைவிடப்பட்ட கதறல் ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும். லூக்காவின் இயேசு மன்னித்துக்கொண்டே மரிக்கிறார். மாற்கின் இயேசு கதறி மரிக்கிறார். யோவானின் இயேசு எல்லாவற்றையும் முடித்துவிட்டு மரிக்கிறார். அவசரப்பட்டு மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச விடுங்கள். கதறலுக்கு 22-ம் சங்கீதத்தையும், கடைசி வார்த்தைக்கு 31-ம் சங்கீதத்தையும் சேர்த்து முழுவதும் வாசியுங்கள். இயேசு மரிக்கும்போது அவர் நாவில் சங்கீதம் இருந்தது என்று அறிகிறவர்கள், அதன்பின் சங்கீதப் புத்தகத்தைச் சும்மா புரட்ட மாட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் கூட்டம் பாதியாகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?
– குழுத் தலைவர், வேலூர்

ஈஸ்டர் ஒரு நாள் என்று நாம்தான் சுருக்கிவிட்டோம்; திருச்சபை அதற்கு 50 நாள் கொடுத்திருக்கிறது. தவத்துக்கு 40 நாள், மகிழ்ச்சிக்கு 50 நாள் என்பதைச் சபையாருக்குச் சொல்லுங்கள். ஏழு புதன்களும் இப்படி: கல்லறையிலிருந்து நடுங்கி ஓடிய பெண்கள் (மாற்கு 16), எம்மாவு வழி (லூக்கா 24), மகதலேனா மரியாளும் தோமாவும் (யோவான் 20), கரையில் மீன் சுட்ட காலை (யோவான் 21), கலிலேயா மலை (மத்தேயு 28), பரமேறுதல் (அப்போஸ்தலர் 1), ஆவியானவரின் வருகை (அப்போஸ்தலர் 2). ஆறாவது புதன் மே 5, பரமேறுதலுக்கு முந்தின நாள். ஏழாவது மே 12, அந்த ஞாயிறே பெந்தெகொஸ்தே. பாடமும் பண்டிகையும் கைகோத்து வரும்போது வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

பெந்தெகொஸ்தேக்குப் பிறகு 28 வாரம் பண்டிகையே இல்லை. வறண்டுபோகாதா?
– வேதபாட ஆசிரியை, கன்னியாகுமரி

நீண்ட கதைகளுக்கு இடம் அங்கேதான். முதலில் ரூத், அதிகாரத்துக்கு ஒரு வாரமாக 4. யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் வாசிக்கும் நூல் அது. அந்தப் பண்டிகையில்தான் ஆவியானவர் இறங்கினார். ரூத்தின் கடைசிப் பெயர் தாவீது. அங்கிருந்து சாமுவேல் நூல்களுக்குத் தாவி, தாவீதுக்கு 8 வாரம் கொடுங்கள். கோலியாத்தோடு நிறுத்தாமல் பத்சேபாள், உரியா, அப்சலோம் வரை போங்கள். அடுத்து யோவான் 6-க்கு 5, யோபுவுக்கு 5. கல்லறைத் திருநாள் வரும் நவம்பரில் 1 கொரிந்தியர் 15-க்கு 2. கூட்டினால் 24.

மீதி 4 வாரத்தைக் காலியாக விடுங்கள். மே விடுமுறை வரும், மழை வரும், சபையில் ஒரு மரணம் வரும். இடைவெளி இல்லாத திட்டம் ஜூலையிலேயே உடையும்.

என் மருமகள் கத்தோலிக்கப் பெண். அவள் வேதாகமத்தில் 73 நூல்கள், எங்களுடையதில் 66. ஒரே குழுவில் படிக்க முடியுமா?
– மாமியார், சென்னை

தாராளமாக. உங்கள் ஈஸ்டரும் அவர் ஈஸ்டரும் ஒரே ஞாயிறு. சுவிசேஷங்கள் நான்கும் பொது. உங்கள் பழைய திருப்புதலில் ஒருமுறையும், அவருடைய திருவிவிலியத்தில் ஒருமுறையும் உரக்க வாசியுங்கள். இரண்டும் வேறுபடுகிற வசனத்தில்தான் அன்றைய நல்ல கேள்வி பிறக்கும். திருவருகைக் காலத்தின் முதல் புதனுக்கு அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

செல்பேசியில் தினசரி வாசிப்புத் திட்டம் இருக்கிறது. தனியாகப் படித்துக்கொள்கிறேன். கூடி வர வேண்டுமா?
– மென்பொருள் பணியாளர், பெங்களூரு

தினமும் படிப்பதை விடவே விடாதீர்கள். ஆனால் அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரியும் தனியாகத்தான் ஏசாயாவைப் படித்துக்கொண்டு போனார். புரிகிறதா என்று கேட்க ஒரு பிலிப்பு ரதத்தில் ஏற வேண்டியிருந்தது. ஒரு வாரம் நீங்கள் மந்திரியாக வாருங்கள், மறுவாரம் நீங்களே பிலிப்புவாகி விடுவீர்கள்.

குழுவில் ஒருவரே பேசுகிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பகுதியை வெவ்வேறு குரல்களில் இரண்டு முறை வாசியுங்கள். பிறகு மூன்றே கேள்வி: இங்கே என்ன நடக்கிறது? எது உறுத்துகிறது? இந்த வாரம் நாம் எதைச் செய்யப் போகிறோம்? ஒவ்வொன்றுக்கும் வட்டமாக எல்லோரும் ஒருமுறை பேசிய பிறகே யாரும் இரண்டாம் முறை பேசலாம் என்று வையுங்கள். அதிகம் பேசுகிறவரை அடுத்த வாரம் வாசிப்பவராக நியமியுங்கள். வேதத்தின் குரலைத் தாங்குகிறவருக்குத் தன் குரலை அடக்கத் தெரியும்.

சென்ற ஆண்டு உற்சாகமாகத் தொடங்கி ஆகஸ்டில் நின்றுவிட்டோம். மறுபடி தொடங்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஜெபக்குழு, சேலம்

விட்ட பாடங்களை எல்லாம் பிடிக்க ஓடாதீர்கள். நீங்கள் தவறவிட்ட பக்கத்தைக் காலண்டர் மறுபடி கொண்டு வரும். அட்டவணையைப் பின்பற்றினால் மூன்றாண்டில் அதே சுவிசேஷம் திரும்பி வரும். பண்டிகைகள் ஒவ்வொரு ஆண்டும் வரும். அடுத்த திருவருகைக் காலம்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் சபை எந்தப் பகுதியில் இருக்கிறதோ, வருகிற புதன் அதே பகுதியில் உட்காருங்கள். இரண்டு பேர் வந்தாலும் தொடங்குங்கள். ஆண்டவர் வருவதாகச் சொன்ன எண்ணிக்கையும் இரண்டு அல்லது மூன்றுதானே!