இரவல்நாதர்

குடையை இரவல் வாங்கியவர் மழை விட்டதும் அதை மறந்துவிடுவார். ஏணியை இரவல் வாங்கியவர் வெள்ளையடித்து முடிந்ததும், வைக்க இடமில்லாத காரணத்தால், தாமே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார். புத்தகத்தை இரவல் வாங்கியவரைப் பற்றியோ புலம்பி எழுதாத எழுத்தாளர் தமிழில் இல்லை. ஆனால் 1980களின் நடுவில் நம் நகரங்களில் தோன்றி, இருபது வருஷ காலம் தெருவுக்கு ஒருவராய் விளங்கி, பிறகு சுவடு தெரியாமல் மறைந்துபோன வீடியோ கேசட் இரவலரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லையே என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அந்த வகுப்பாரில் தலைசிறந்த ஒருவர் மேற்கு மாம்பலத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருடைய இயற்பெயர் இங்கே வேண்டாம். இரவல்நாதர் என்று வைத்துக்கொள்வோம்.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் வர்ணத்துக்கு மாறிய சமயம் தவணை முறையில் ஒரு கலர் டி.வி. வாங்கிப் போட்டு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படம் ஆகிய இரண்டு வேளை ஆகாரத்தோடு திருப்தியாக இருந்தவர்தாம் அவர். மூன்று வருஷம் கழித்து, மஸ்கட்டில் உத்தியோகம் பார்த்த மைத்துனர் விடுமுறையில் வந்தபோது, கம்பளிக்குள் பொதிந்து கொண்டுவந்த டெக் ஒன்று அவர் வீட்டுக் கூடத்தில் பிரதிஷ்டையாயிற்று. அதுவரை எங்கள் தெருவில் வீடியோ பார்ப்பது என்றால், நாலு குடும்பங்கள் பணம் போட்டு ஓர் இரவுக்கு டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்து, கொடுத்த வாடகை வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையில் மூன்றையும் விடிய விடியப் பார்த்து, மூன்றாவது படத்தில் கதாநாயகன் யார் என்று தெரியும் முன்பே ஜமுக்காளத்தில் சாய்ந்துவிடுவது என்று அர்த்தம். டெக்குக்கே உடையவராகிவிட்ட பிறகு, கேசட்டுக்கும் காசு கொடுப்பது தம் அந்தஸ்துக்குக் குறைவு என்று இரவல்நாதருக்குத் தோன்றிவிட்டது. டெக் அவருடையது, கேசட் ஊராருடையது என்பதை ஒரு நியாயமான பாகப்பிரிவினையாகவே அவர் கருதினார்.

அவர் கேட்கிற விதத்தில் ஒரு கலை இருந்தது. காலையில் பேப்பர் பார்க்க வருவார்; பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

“ராத்திரி படம் பார்த்தீங்க போலிருக்கே ஸார்?”

“ஆமாம்.”

“கடைக்காரன் இருபத்துநாலு மணி நேரத்துக்குத்தானே வாடகை வாங்கறான்? நீங்க உபயோகப்படுத்தினது மூணு மணி நேரம். பாக்கி இருபத்தோரு மணி நேரம் சும்மாக் கிடக்கு. நல்ல நிலத்தைத் தரிசாப் போடலாமா ஸார்?”

இந்த விவசாய வாதத்துக்குப் பதில் சொல்ல என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. தரிசில் அவர் சாகுபடி செய்துவிட்டுத் திருப்பித் தருவதற்குள் இன்னொரு நாள் கழிந்திருக்கும். அந்த நாளின் வாடகை என் கணக்கில் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு, பார்த்து முடித்த கேசட்டை ரீவைண்ட் செய்து கொடுக்கும் வழக்கம் அவருக்கு ஆயுளிலேயே கிடையாது. ஓட்டத்தை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிற்கும். ‘அடுத்தவர் கேசட்டுக்கு என் டெக்கின் மோட்டார் ஏன் தேய வேண்டும்?’ என்பது அவருடைய கட்சி. டெக்கின் ஹெட்டில் அழுக்குப் படிந்து படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மடிப்புக் கலையாத புது ரூபாய் நோட்டால் அதைத் துடைப்பார். சில சமயம் அந்த நோட்டும் என்னுடையதாக இருக்கும்.

தெருக்கோடியில் ஒரே ஒருவர் மட்டும் அவரிடமிருந்து முற்றிலும் தப்பினார். ஸோனி கம்பெனி 1975இல் பீட்டாமாக்ஸ் என்ற ஒரு ரகத்தையும், ஜே.வி.சி. கம்பெனி 1976இல் வி.எச்.எஸ். என்ற மற்றொரு ரகத்தையும் கொண்டுவந்து, ஒன்றின் கேசட் மற்றதன் வாயில் நுழையாதபடி செய்து, பத்து வருஷத்துக்கு மேல் உலகச் சந்தையில் மோதிக்கொண்டதைப் பலர் வியாபாரச் சரித்திரமாக வர்ணிப்பதுண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த பீட்டாமாக்ஸ் டெக்கை வைத்துக்கொண்டிருந்த அந்தத் தெருக்கோடிக்காரர், அதைத் தெய்வானுக்கிரகம் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவல்நாதர் வீட்டில் படம் பார்ப்பதும் ஓர் அனுபவந்தான். தொலைக்காட்சித் திரையில் வீடியோ மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்துவதற்காகத் தமிழக அரசு 1984இல் ஒரு சட்டம் செய்திருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைப் படித்தவரில்லை. ஆகவே அதனிடம் எல்லோருக்கும் அளவு கடந்த பயம் இருந்தது. ஜன்னலுக்கு ஜமுக்காளம், வாசலுக்குத் தாழ்ப்பாள், தெருவில் சைக்கிள் மணி அடித்தால் சத்தத்தைக் குறைப்பது ஆகிய முன்னேற்பாடுகளுக்குப் பிறகு, பக்திப் படத்தைக்கூடக் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் போலத்தான் பார்த்தோம். தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்த கேசட்டாக இருந்தால், முன்வரிசையில் யாரோ எழுந்து போகும் தலையும் படத்தில் தெரியும், நம் கூடத்தில்தான் எழுந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பின்னாலிருப்பவர் “உட்காருங்க ஸார்!” என்று அதட்டுவார். வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டாக இருந்தால், கதாநாயகி கண்ணீர் விடும் கட்டத்தில் அவள் கழுத்துக்குக் கீழே ஒரு துணிக்கடையின் டெலிபோன் நம்பர் வலமிருந்து இடமாக ஓடும். மின்சாரம் போய்விட்டால் கேசட் டெக்கின் வயிற்றுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். கேசட்டுக்குச் சொந்தக்காரர் கூடத்தில் இருட்டில் காத்திருப்பார். இரவல்நாதர் விசிறியோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

இந்த மட்டோடு நின்றிருந்தால் அவர் சாதாரண இரவலராகவே முடிந்திருப்பார். 1988இல் மைத்துனர் மறுபடியும் வந்தார். இம்முறை கொண்டுவந்தது தோளில் சார்த்திக்கொண்டு படமெடுக்கும் வீடியோ கேமரா, முழு வி.எச்.எஸ். கேசட்டை அப்படியே விழுங்குவது; சற்றேறக்குறைய ஒரு கைக்குழந்தையின் கனம். அன்றுமுதல் இரவல்நாதர் ரசிகர் ஸ்தானத்திலிருந்து சிருஷ்டிகர்த்தா ஸ்தானத்துக்கு உயர்ந்தார்.

கல்யாணம், காதுகுத்து என்று நாள் பார்த்துப் படமெடுப்பவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். இரவல்நாதருடைய லட்சியம் வேறு. பால்காரர் அளப்பது, தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசை நிற்பது, மனைவி உரலில் மாவு அரைப்பது, மகன் கணக்குப் பாடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகிய நித்திய கர்மங்களையே அவர் எடுத்தார். வெளிச்சம் போதாத சமையலறைக்குள் சன் கன் விளக்கைப் போட, ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போன இருட்டையும் எடுப்பார். பிறகு அந்த இருட்டின்மேல் அவருடைய குரல், வானொலிச் செய்தி வாசிப்பவரின் தோரணையில், “இப்பொழுது நீங்கள் காண்பது எங்கள் சமையலறை” என்று அறிவிக்கும். கேமராவின் கடிகாரத்தைச் சரி செய்ய அவருக்குத் தெரியாததால், மூலையில் எப்போதும் 1986 ஜனவரி 1 என்றே தேதி விழும். எதிர்கால ஆராய்ச்சியாளர் எவர் கையிலாவது அந்தக் கேசட்டுகள் அகப்பட்டால், தீபாவளி, பொங்கல், ஆடி வெள்ளி, அரைப் பரீட்சை எல்லாம் ஒரே நாளில் நிகழ்ந்த அபூர்வ குடும்பம் ஒன்று மாம்பலத்தில் வாழ்ந்தது என்று எழுதிவிடுவார்.

எழுபத்தெட்டு வயதான அவருடைய தாயாருக்குக் கேமரா என்றால் போட்டோ ஸ்டூடியோதான். கேமரா தம் பக்கம் திரும்பியதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பைச் சரி செய்துகொண்டு, மூச்சைப் பிடித்து நின்றுவிடுவார். “அம்மா, அசையணும். இது அசைகிற படம்” என்பார் மகன். தாயார் உதடு பிரியாமல், “முதல்ல நீ எடுத்து முடிடா, அப்புறம் அசையறேன்” என்பார். இப்படி இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நாலு நிமிஷக் காட்சி ஒன்றை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். பார்க்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் எழுந்து வர முடியாது. காபி கொடுத்து உட்காரவைத்து, போன மாதம் நாம் அதே நாற்காலியில் காபி குடித்ததை நமக்கே போட்டுக் காட்டுவார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, எங்கேயோ படித்து வைத்திருந்தார். பாரிஸ் நகரத்தில் 1895 டிசம்பர் 28ஆம் தேதி லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய முதல் பத்துப் படங்களில் ஒன்று, அண்ணனும் அவர் மனைவியும் தங்கள் குழந்தைக்கு ஆகாரம் ஊட்டுவதுதான் என்றும், சினிமா பிறந்ததே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் என்றும், கதையும் பாட்டும் பிற்காலத்து இடைச்செருகல் என்றும் விளக்கினார். செய்தி உண்மைதான். ஆனால் லூமியேர் சகோதரர்களின் சுருள் ஒரு நிமிஷத்துக்குள் தீர்ந்துவிட்டது. அது பாரிஸ் ஜனங்கள் செய்த புண்ணியம். இரவல்நாதருடைய கேசட் மூன்று மணி நேரம் ஓடும்.

அந்தக் கேசட்டுகளும் அவருடையவை அல்ல என்பதுதான் இதில் விசேஷம். பர்மா பஜாரில் வெற்றுக் கேசட் கொட்டிக் கிடந்தது. அதற்கும் காசு கேட்டார்கள். பதிவானதன் மேல் இன்னொன்று பதிவாகாமல் காக்க, வி.எச்.எஸ். கேசட்டின் முதுகோரத்தில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். அதை உடைத்துவிட்டால் எந்த டெக்கும் அதன்மேல் எழுதாது. அப்படி உடைந்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடியும் எழுதும். இரவல்நாதர் தம் சொந்தச் செலவில் வாங்கிய ஒரே வீடியோ சாதனம் அந்தச் செலோடேப்தான். மாம்பலத்தில் எத்தனை குடும்பங்கள், வில்லன் கத்தியை ஓங்கும் சமயத்தில், எதிர்பாராத விதமாக எங்கள் தெருக் குழாயடியைத் தரிசித்திருக்கும் என்பது ஈசுவரனுக்கே வெளிச்சம்.

இனி என் சொந்தக் கதை. 1990இல் தை மாதத்தில் என் பெண்ணின் கல்யாணம் நடந்தது. வீடியோக்காரர் கொடுத்த கேசட்டில் அந்தத் தகட்டை உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. “காமிரா கோணங்களைப் படித்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லி இரவல்நாதர் அதை வாங்கிப் போனார். மறுத்தால் சம்பந்தி வீட்டார் சீர் செய்யவில்லை என்பதைப் போலத் தெருவெல்லாம் பேசுவார்; கொடுத்தேன். சித்திரை பிறந்த பிறகு, மறதியாகவோ மனச்சாட்சியாகவோ, திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை சம்பந்திகள் வந்திருந்தார்கள், போட்டோம். மாப்பிள்ளை காசியாத்திரை கிளம்பினார், ஊஞ்சல் ஆடிற்று, பெண் தகப்பனார் மடியில் உட்கார்ந்தாள், சாஸ்திரிகள் கையை உயர்த்தி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கூவினார், தவிலில் கழி விழுந்த அதே கணத்தில் திரை ஒருமுறை நடுங்கிற்று. “கா... கா...” என்றது ஒரு காகம்.

இரவல்நாதர் வீட்டு மொட்டை மாடி. பழைய வேஷ்டியின்மேல் அவருடைய தாயார் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். கறுப்புக் குடை ஒன்று காகத்தை மிரட்டுவதற்காக விரித்துக் கிடந்தது. கேமராவைப் பார்த்ததும் வழக்கம்போல மூச்சைப் பிடித்தார். காகம் வடாமைக் கொத்தவே தம்மை மறந்து, நாழியை ஓங்கிக்கொண்டு எழுந்து, அதைத் துரத்தி, மகனைத் திட்டி, பிறகு சிரித்தும்விட்டார். பதினோரு நிமிஷம். மறுபடியும் திரை நடுங்கியபோது, என் பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது. எல்லோரும் அட்சதைத் தட்டைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். புதியதை எழுதுமுன் பழையதை அடியோடு துடைத்துவிட்டு எழுதுவது அந்த யந்திரத்தின் தர்மம். முகூர்த்தத்துக்கு முந்தின கட்டத்தில் மின்சாரம் போய், ரீவைண்ட் செய்யும் வழக்கமில்லாத மனிதர் அங்கேயே நிறுத்தி, பிறகு கைக்குக் கிடைத்த கேசட்டைக் கேமராவில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறார். ஆக, என் பெண்ணுக்குத் தாலி ஏறியதற்கு வீடியோ சாட்சியம் ஒரு காகமும் இரண்டு படி அரிசி வடாமுந்தான். சம்பந்தியம்மாள் மட்டும், “வடாம் பிழியறது நன்னாயிருக்கு. ஓமம் போட்டிருப்பாளோ?” என்றார்.

மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை.

அந்த அம்மாள் 1993இல் காலமானார். இரவல்நாதர் தம் வீட்டுக் கேசட்டுகளைத் தேடினார். எந்தக் கேசட்டையும் ஒருமுறை எழுதிவிட்டுச் சும்மா விடாமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து முறை எழுதியவர் அவர். மிஞ்சிய இரண்டொன்றிலும் சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. தாயார் அசைவதாக எங்கும் ஒரு காட்சியும் அகப்படவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்தார். பேப்பரை எடுக்கவில்லை, தரிசு நிலத்தைப் பற்றியும் பேசவில்லை. அதற்குப் பிறகு வருஷாவருஷம் திதி முடிந்த மறுநாள், குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெண்ணின் கல்யாணத்தை ஆரம்பம் முதல் மரியாதையாகப் பார்த்து, அந்தப் பதினோரு நிமிஷம் முடிந்ததும் எழுந்து போவார்கள். ஒருமுறை அவரே அந்தத் தகட்டை உடைத்துக் கொடுத்தார்.

டெக்குகளெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போன காலத்தில், அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யில் ஏற்றி வாங்கினேன். செய்தி தெரிந்ததும், இப்போது மடிப்பாக்கத்தில் குடியிருக்கும் இரவல்நாதர் பஸ் பிடித்து வந்தார். “ஒரே ஒரு நாள் ஸார்” என்றார். அவர் அதை வாங்கிக்கொண்டு போனது 2006இல். இன்னும் திருப்பித் தரவில்லை.