ஐஸ்லாந்துக்கு உகந்த பருவம்

ஐஸ்லாந்துத் தீவுக்குச் செல்ல உகந்த பருவத்தை ஆராயப் புகும் பயணி முதலில் அறிய வேண்டியது, அந்நாட்டின் பழைய நாள்காட்டி ஆண்டைக் கோடை, குளிர் என இரண்டாகவே பகுத்தது என்பதும், கோடையின் முதல் நாள் ஏப்ரல் 18-ஐ அடுத்து வரும் வியாழக்கிழமையன்று இன்றும் பொது விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது என்பதும், அன்று பனி பெய்தாலும் கோடை பின்வாங்குவதில்லை என்பதுமாகும். தலைநகர் ரெய்க்யவிக்கில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

ஜூன் இறுதியில் அங்கே சூரியன் நள்ளிரவையொட்டி மறைந்து மூன்று மணியளவில் எழுந்துவிடுவதால், விடுதி அறைக்குப் பெருந்தொகை செலுத்தியவருக்கும் இரவு வழங்கப்படுவதில்லை. துருவ ஒளி, அதாவது சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதுவதால் தோன்றும் ஒளித்திரை, அவ்வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. அதற்காகவே டிசம்பரில் செல்பவருக்குப் பகல் நான்கு மணி நேரமாகச் சுருங்கி இருள் தாராளமாகக் கிடைக்கும். மேகமும் அதே தாராளத்துடன் கிடைக்கும்.

தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலத்துக்குச் செல்லும் ‘எஃப்’ சாலைகள், பாலமில்லாத ஆறுகளைப் பெரும்பாலும் வண்டியோடு இறங்கிக் கடக்க வேண்டியவையாயினும் மரியாதைக்காகச் சாலை எனப்படுபவை, கோடையில் மட்டுமே திறக்கப்படுகின்றன. பஃபின் என்னும் வண்ண அலகுக் கடற்பறவையோ, வானம் துருவ ஒளிக்குத் தேவையான அளவு இருளத் தொடங்கும் ஆகஸ்டிலேயே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. எம்மாதத்தில் சென்றாலும் குடை தேவையில்லை. அங்கே காற்று மழையைப் பக்கவாட்டில் கொண்டுவருகிறது, குடையைக் கொண்டுபோகிறது.