கடவுளுக்கு வக்காலத்து

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு தீர்ந்த பிறகுதான் எழும். வெறும் வயிற்றோடு யாரும் நாத்திகம் பேசி நான் பார்த்ததில்லை. என் மைத்துனன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, "அதிருக்கட்டும் மாமா, போன வாரம் ஒண்ணு சொன்னீங்களே..." என்று இழுப்பான். என் மனைவி மோர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். வழக்கு கூப்பிடப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கட்சிக்காரர்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். நான் ஆற்காடு லுத்தரன் சபை. தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷனரிகள் கட்டி எழுப்பிய சபை அது. மனைவி முகையூர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவள் தம்பி பள்ளிக்கூடம் முடிக்கும்வரை பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தவன். இப்போது கறுப்புச் சட்டை. மகள் திண்டிவனத்தில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவளுக்கு ஆத்திகம், நாத்திகம் இரண்டும் கிடையாது, "ஆதாரம் என்னப்பா?" என்ற ஒரே கேள்விதான் உண்டு. விழுப்புரத்தில் மனை விலை எட்டாமல் திருவாமாத்தூரில் வீடு கட்டியதால், அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழய்யா. நெற்றி நிறைய திருநீறு. ஞானசம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலத்தில் குடியிருக்கிறோம் என்பதை வாரம் ஒருமுறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவார். இரண்டு வீட்டிலும் சேர்த்து எண்ணினால் ஆளுங்கட்சி நான் ஒருவன்தான்.

வக்காலத்து வாங்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பேதுரு அப்போஸ்தலர் தம் நிருபத்தில், உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்னவென்று எவர் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று எழுதியிருப்பதை ஆயர் ஒரு ஞாயிறு பிரசங்கித்தார். கேட்டதும் எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அந்தப் பதிலைச் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் தாமதமாக வந்தவர் யாரென்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு பெரிய நோட்டு வாங்கினேன்.

முதலில் பரம்பரையைப் படித்தேன். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, கிறிஸ்தவத்தின் மேல் சொல்லப்பட்ட பழிகளுக்கெல்லாம் மறுப்பாக 'தூஷணத் திக்காரம்' எழுதினார். மனிதர் புலாலை அடியோடு விட்டிருந்தார். எனக்கும் அவருக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம் என்று அப்போது பட்டது. அடுத்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று அவர் எழுதிய பெயர்களை ஆசையாகக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மறுத்த பேதகம் தரங்கம்பாடி லுத்தரன்களுடையது; அதாவது என்னுடையது. மனைவி சமையலறையிலிருந்தே, "எங்க சாமியாரு அப்பவே உங்களுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

எங்கள் பக்கத்திலும் ஆள் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழர்களிடம் அவர்கள் நம்பிக்கை பற்றியும் கிறிஸ்தவம் பற்றிய அபிப்பிராயம் பற்றியும் கேள்வி எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியாக்கி ஊருக்கு அனுப்பிவைத்தார். மற்றவன் என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுதி வைத்த மனிதர். இந்த உத்தி என் நோட்டில் ஏறவில்லை. கேட்பதற்கா நோட்டு வாங்கினேன்?

மைத்துனனுக்கும் பரம்பரை இருந்தது. 1880-களிலேயே சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' பத்திரிகை நடத்தி எல்லா மதத்தையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார்கள். பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' ஜீவா தமிழாக்கத்தில் 1930-களிலேயே வந்துவிட்டது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-ல், தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று லண்டனில் பேசிய பேச்சு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு மகனைப் போல இருக்க வேண்டியவன் ரஸ்ஸல் பேரன் போல வந்து உட்காருவான்.

முதல் வாய்தாவில் கைப்பிரதிகளை எடுத்து வீசினேன். "புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேல் கைப்பிரதி இருக்கு மச்சான். யோவான் சுவிசேஷத்தின் ஒரு துண்டு, உள்ளங்கை அளவுகூட இல்லை, மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கு. இரண்டாம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. பழைய நூல் எதுக்குடா இவ்வளவு பிரதி?"

அவன் அவசரப்படவில்லை. பல்லிடுக்கில் இருந்த எலும்புத் துணுக்கை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னான்: "கல்யாணப் பத்திரிகை நிறைய அடிச்சா மாப்பிள்ளை யோக்கியன்னு ஆயிடுமா மாமா? எங்க அக்கா கல்யாணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு அடிச்சோம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

அடுத்த வாரம் தோமாவைக் கொண்டுவந்தேன். கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி மயிலாப்பூரில் ரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. 'தோமாவின் நடபடிகள்' என்ற பழைய சிரியாக் நூலில், அவர் கோண்டபோரஸ் என்ற இந்திய ராஜாவிடம் போனதாக வரும். அப்படி ஒரு ராஜாவே கிடையாது, கட்டுக்கதை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அந்த ராஜாவின் நாணயங்கள் தோண்டத் தோண்டக் கிடைத்தன. இதைச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கு முடிந்தது என்ற தோரணையில் நாற்காலியில் சாய்ந்தேன்.

"பொன்னியின் செல்வன்ல அருள்மொழிவர்மன் வர்றாரு. அவரு கட்டின கோயிலே தஞ்சாவூர்ல நிக்குது. அதுக்காக நந்தினியும் நிஜமா இருந்தான்னு சொல்வீங்களா மாமா?" என்றான்.

இனி மகளைத்தான் நம்ப வேண்டும் என்று ஜோசிபஸ் பக்கம் ஒதுங்கினேன். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர்; கிறிஸ்தவர் அல்ல; அவரே இயேசுவைக் கிறிஸ்து என்று எழுதியிருக்கிறார், போதுமா? மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்தப் பத்தியில பின்னாடி வந்த கிறிஸ்தவங்க கை வெச்சிருக்காங்கன்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்களேப்பா. அது உங்க நோட்டுல இல்லையா?" இருந்தது. பென்சிலால், சின்ன எழுத்தில், ஓரமாக இருந்தது. "ரோமாபுரி டாசிட்டஸைச் சொல்லியிருக்கலாம். பிலாத்து காலத்துல தண்டிச்சாங்கன்னு அவரு எழுதினதை யாரும் பெருசா மறுக்கலை" என்று சொல்லி, எனக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

இதையெல்லாம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஈசிசேரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த தமிழய்யா எழுந்து வந்தார். கடவுள் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை அவர். என் கடவுள் பற்றி மட்டும் சில விளக்கங்கள் தேவைப்படுகிற ஆள். "தம்பி, எங்க ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து உங்க பைபிளைத் தமிழாக்கினவரு. அப்புறம் 1854-ல 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினாரு. தூபம், தீபம், அபிஷேகம், பலி எல்லாம் உங்க பழைய ஏற்பாட்டுலயே இருக்கேய்யா, எங்களை மட்டும் ஏன் ஏசறீங்கன்னு கேட்டாரு. அதுக்கு உங்க நோட்டுல என்ன இருக்கு?" நோட்டில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. எதிரி என் வேதத்தை என்னைவிட நன்றாகப் படித்திருப்பான் என்று நோபிலி எங்கும் எச்சரித்திருந்ததாகத் தெரியவில்லை.

அய்யா அதோடு விடவில்லை. "வட்டப்பாறை தெரியுமில்ல?" என்றார். திருவாமாத்தூரில் குடிவந்தவனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. கோயிலில் உள்ள பாறை. வழக்கு வம்பு என்றால் அதில் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான். தம்பி சொத்தை அமுக்கிய அண்ணன் ஒருவன், பொன்னைக் கைத்தடிக்குள் ஒளித்து, அந்தத் தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாம் அவனிடம்தான்" என்று பாறையில் சத்தியம் செய்தானாம். தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு தும்பூர்ப் பக்கம் போகையில் பாம்பு தீண்டிச் செத்தானாம். "கவனிங்க தம்பி, அவன் சொன்ன சொல்லில் பொய் கிடையாது. பொன் அந்த நேரம் தம்பி கையிலதான் இருந்துச்சு. ஆனாலும் பாம்பு விடலை."

எங்கள் வேதத்தில் சத்தியமே செய்யக்கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். மலைப்பிரசங்கம் அன்றைக்கு உதவியதுபோல் என் வாழ்நாளில் உதவியதில்லை. "அப்ப ஜோசிபஸ் விஷயம் ஆமாவா, இல்லையாப்பா?" என்றாள் மகள்.

கடைசி அஸ்திரம் உள்ளூர் அஸ்திரம். இதற்கு எவனும் பதில் சொல்ல முடியாது என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். திண்டிவனம். 1890-களின் தொடக்கம். மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா அமெரிக்காவில் படிப்பை முடித்து, தாய்க்கு உடம்பு சரியில்லை என்று வந்திருந்தாள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றாள் ஐடா. ஆண் டாக்டரை உள்ளே விட மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் அமெரிக்காவுக்குத் திரும்பி டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்குத் தமிழ்நாடே போய் நிற்கிற சி.எம்.சி. ஆஸ்பத்திரி. "இது விசுவாசம் செய்த வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு மைத்துனனைப் பார்த்தேன்.

மைத்துனன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தம்மாவை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா" என்றான். நெடுநாள் காத்திருந்த வெற்றி. அதை அனுபவிப்பதற்குள், கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படியில் வந்து நின்ற என் மனைவி கேட்டாள்: "அந்த மூணு பொண்ணுங்க பேரு என்னங்க?"

நோட்டைப் புரட்டினேன். ராஜா கோண்டபோரஸ் பெயர் இருந்தது. பிலாத்து பெயர் இருந்தது. மான்செஸ்டர் நூலகத்தின் பெயர்கூட இருந்தது. அந்த மூன்று பெயரும் இல்லை. நான் படித்தவற்றில் எதிலும் இல்லை. "ஆஸ்பத்திரி வரணும்னா அவங்க சாகணுமா?" என்று அவள் கேட்டது என்னையா, மேலே பார்த்தா என்று புரியவில்லை. ரஸ்ஸலையும் நாவலரையும் தாங்கிய நான் ஜெபமாலை சொல்கிற பெண்பிள்ளையின் கேள்வியில் வாயடைத்தேன்.

அன்றிரவு பதில் தேடி யோபு புத்தகத்தைத் திறந்தேன். துன்பத்தைப் பற்றி 42 அதிகாரம். ஏதாவது ஒரு பாயிண்ட் கிடைக்காமல் போகுமா? யோபு பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தார்கள். அந்த மட்டும் நல்ல மனிதர்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். கடவுள் செய்தால் காரணம் இருக்கும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்காக வாதாடினார்கள். யோபு விடவில்லை, நேரே கடவுளிடமே கேட்கிறேன் என்று கத்தினான். கடைசியில் கடவுள் பேசுகிறார். தீர்ப்பு யோபுக்குச் சாதகம். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசாதவர்கள் என்று அவர் கோபித்துக்கொள்வது தனக்காக வாதாடிய அந்த மூன்று வக்கீல்களைத்தான்.

எனக்கு லேசாக வியர்த்தது. மற்ற பக்கங்களைப் புரட்டினால் அங்கேயும் அதே கதை. கையை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவை ஆண்டவர் வாதாடி மடக்கவில்லை. பார்த்துக்கொள் என்று காயத்தைக் காட்டினார். பன்னிரண்டு பேரில் தமிழ்நாட்டுக்கென்று நாம் சொந்தம் கொண்டாடுகிற ஆளே ஆதாரம் கேட்ட அந்தச் சந்தேகப்பேர்வழிதான். என் மகளுக்குப் பாட்டன் முறை. பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று என்னைக் கிளப்பிவிட்ட பேதுரு என்ன செய்தார்? கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரைக் காப்பாற்றுகிறேன் என்று கத்தியை உருவி, மல்குஸ் என்ற வேலைக்காரனின் வலது காதை வெட்டினார். காதை வெட்டிவிட்டு யாருக்குச் சுவிசேஷம் சொல்வது? ஆண்டவர் கத்தியை உறையில் போடச் சொல்லி, அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்க வேண்டியதாயிற்று. சாந்தமாகப் பதில் சொல்லுங்கள் என்று அவர் பின்னாளில் எழுதியது அனுபவத்தில்தான் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டவனிடம் எங்கள் வேதம் காட்டுகிற பொறுமையில் பாதிகூட, குறுக்கே விழுந்து வக்காலத்து வாங்குகிறவனிடம் காட்டவில்லை.

ஆகவே தொழிலை நிறுத்திவிட்டேன். நம்பிக்கையை அல்ல, தொழிலை மட்டும். மைத்துனன் இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறான். "என்ன மாமா, பாயிண்டு தீந்துபோச்சா?" என்று சீண்டுகிறான். "நீ சொல்லு, கேக்கறேன்" என்றால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்கமாட்டேன் என்கிறது. நான் ஞானம் அடைந்துவிட்டதாகத் தமிழய்யா தெருவில் சொல்லிவருகிறார். அவரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்களுக்குக் கடவுள் விதித்த அபராதம் ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா. கடாவுக்காவது கடன் வாங்கலாம். கொம்பில்லாத மாடுகள் தவமிருந்து கொம்பு பெற்ற தலம் என்று புராணம் சொல்லும் திருவாமாத்தூரில் குடியிருந்துகொண்டு, பலி கொடுக்க ஏழு காளை வேண்டும் என்று நான் யார் வீட்டுக் கொட்டகையில் போய் விலை கேட்பேன்?