கொல்லைக்கு வந்த தேனீக்கூட்டம்

இல்லத்தரசி, 21-வது வட்டம்: காலையில் துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன். முருங்கைக் கிளையில் பலாப்பிஞ்சு அளவுக்குத் தேனீக்கள் கொத்தாகத் தொங்குகின்றன. நேற்று இல்லை. யாரைக் கூப்பிடுவது?

பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் கூப்பிடுங்கள், இப்போதைக்கு அது போதும். நீங்கள் பார்த்தது கூடு இல்லை, குடிபெயர்வு. கூட்டில் இட நெருக்கடி வந்ததும் தாய் ராணி பழைய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, வேலைக்காரத் தேனீக்களில் பெரும்பகுதியோடு கிளம்பிவிடும். கிளம்புமுன் எல்லாம் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்ளும். காப்பாற்ற அடையோ குஞ்சோ இல்லாத அந்த நேரத்தில், நாம் சீண்டாதவரை அவை சண்டைக்கு வருவது அபூர்வம்.

ஜன்னல் வழியே கொத்தின் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். ஒன்றிரண்டு தேனீக்கள் வயிற்றை ஆட்டியபடி நேராக ஓடும், வளைந்து திரும்பும், மறுபடி அதே கோட்டில் ஓடும். இவை புது வீடு பார்த்துவிட்டு வந்தவை. பொந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதை அந்த ஆட்டத்திலேயே சொல்லிவிடுகின்றன. இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. இடம் நல்ல இடமானால் ஆட்டம் நீளும். அதைப் பார்த்து மற்றவையும் போய்ச் சோதித்து வரும். எல்லாம் ஒரே இடத்துக்கு ஒத்துப்போனதும் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும். சில மணி நேரமும் ஆகலாம், இரண்டொரு நாளும் ஆகலாம். அதுவரை துணியை வாசல் பக்கம் காயப்போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஊழியர், 16-வது வட்டம்: எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டம் ஒரு வாரமாகியும் நகரவில்லையே?

அப்படியானால் குடியேறிவிட்டது. வகையைப் பாருங்கள். சுவர்ப்பொந்துக்குள், பழைய பெட்டிக்குள் இருட்டில் பல அடைகள் கட்டினால் அடுக்குத்தேனீ. வேலிச்செடியின் கிளையில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை என்றால் கொம்புத்தேனீ. இரண்டும் பெரும்பாலும் சாது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ உயர்ந்த மரத்திலோ பெரிய ஒற்றை அடை திறந்தபடி தொங்கினால் மலைத்தேனீ. அதன் கிட்டே போகாதீர்கள். ஒன்று கொட்டினால் வாழைப்பழ மணம் போன்ற ஒரு வாசனை கிளம்பும். மற்றவற்றுக்கு அது போர் அழைப்பு. துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். குவார்ட்டர்ஸ் என்றால் நகர நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஆபத்தென்றால் தீயணைப்பு நிலையம், 101.

கல்லூரி மாணவர், மந்தாரக்குப்பம்: மாமா தீப்பந்தம் கட்டித் தயாராக வைத்திருக்கிறார். தேன்கூட்டைக் கொளுத்தலாமா?

கூடவே கூடாது. பந்தத்தைப் பிடுங்கித் தண்ணீரில் முக்குங்கள். பிழைத்த தேனீக்கள் தெருவில் போகிறவர்களையெல்லாம் கொட்டும். காய்ந்த சருகு பற்றிக்கொண்டால் கதையே வேறு. காட்டில் தேன் எடுப்பவர்கள்கூடப் புகைதான் போடுகிறார்கள். இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். 1991-92-ல் பரவிய ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. மார்த்தாண்டம் பக்கம் தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. அந்த அழிவுக்குத் தப்பிய வம்சம்தான் இன்று நம் கொல்லைகளுக்கு வருகிறது. பண்ருட்டி முந்திரிக்குப் பூச்சிகள் வந்தால்தான் காய்ப்பு. அதில் தேனீக்கும் பங்குண்டு. அதற்குப் போய்த் தீயா?

ஆசிரியை, வடலூர்: கதண்டும் தேனீதானே?

இல்லை, அது குளவி இனம். தேனீ கொட்டினால் கொடுக்கை இழந்து செத்துப்போகும். கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். உயிரையே வாங்கியிருக்கிறது. கதண்டுக் கூட்டைத் தீயணைப்புத் துறையிடமே விட்டுவிடுங்கள்.

வாசகர், விருத்தாசலம்: தேனீ கொட்டினால் சுண்ணாம்பா, மஞ்சளா?

முதலில் நகம். பிய்ந்து தோலில் நிற்கும் கொடுக்கோடு விஷப்பையும் இருக்கும். அது விஷத்தைத் தொடர்ந்து இறக்கிக்கொண்டே இருக்கும். நொடியில் வழித்து எறியுங்கள். பிறகு சோப்பு, ஐஸ். உதடு வீங்கினாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றினாலோ, நிறையக் கொட்டியிருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், 108.

இல்லத்தரசி, 5-வது வட்டம்: வெள்ளை வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகச் சொட்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பலா?

சாம்பல் மஞ்சளாக இருக்காதே! பக்கத்தில் மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அவை கூட்டமாகப் பறந்து எச்சமிடும். 1981-ல் லாவோஸ், கம்போடியா பக்கம் இப்படி விழுந்த 'மஞ்சள் மழை'யை சோவியத்தின் ரசாயன ஆயுதம் என்றே அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஹார்வர்டின் மேத்யூ மெசல்சனும் உடன் ஆராய்ந்தவர்களும் அது தேனீ எச்சம்தான் என்று காட்டினார்கள். வேட்டியை ஊறவைத்துத் துவையுங்கள்.

இளைஞர், 28-வது வட்டம்: வந்த கூட்டத்தைப் பெட்டியில் வளர்க்கலாமா?

அடுக்குத்தேனீ என்றால் தாராளமாக. நூறாண்டுக்கு முன் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் உடல் அளவுக்கென்றே வடிவமைத்த பெட்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டிக்கு அடங்காது. யூடியூப் பார்த்துக் கையை விடாதீர்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள், அல்லது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளுங்கள். பெட்டி வைக்கும் முன் பக்கத்து வீட்டில், தேனீ கொட்டினால் யாருக்காவது ஒவ்வாமை வருமா என்று கேட்டுவிடுங்கள். வரும் என்றால் கொல்லையில் பெட்டி வேண்டாம், ஊருக்கு வெளியே ஒரு முந்திரித்தோப்புக்காரரிடம் இடம் கேளுங்கள்.