ஜெராக்ஸ் எடுக்கும் அனுபவம்

இங்கிலாந்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பல பள்ளிகள் ஓரிரு வாரம் ‘வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று வேலைக்கு அனுப்புகின்றன. சம்பளம் கிடையாது. வயதோ 14, 15. மெஷினைத் தொடவிட மாட்டார்கள், ஃபைலையும் திறக்கவிட மாட்டார்கள். மிஞ்சுவது தேநீரும் ஜெராக்ஸும்.

இடத்தைப் பெரும்பாலும் வீட்டார்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வக்கீல் மகள் வக்கீல் ஆபீசுக்கும், பஸ் டிரைவர் மகன் தெருமுனைக் கடைக்கும் போய்ச் சேர்வது தற்செயல் என்றே நம்புவோம். 2011-இல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் தொழிற்கல்வி பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து மறு ஆண்டே, 16 வயதுக்குட்பட்டோருக்கு இந்த வேலை அனுபவம் கட்டாயமில்லை என்றானது. 2024 தேர்தலில் லேபர் கட்சியோ எல்லாருக்கும் இரண்டு வாரம் உறுதி என்றது.

எது எப்படியோ, சிபாரிசின் அருமையைப் பிள்ளைகள் ஐயமறக் கற்றுவிடுகிறார்கள். அதற்கே தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.